ஹரிக்கேனுக்கு முன்னும் வெள்ளத்துக்குப் பின்னும் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வளைகுடாக் கரையிலும் அட்லாண்டிக் கரையிலும் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஆண்டுதோறும் ஜூன் பிறந்ததும் ஒரே மாதிரியான ஐயங்கள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்துள்ளேன். எளியவை முதலிலும், காப்பீடும் சட்டமும் கலந்த சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

1. ஊரில் எத்தனையோ புயல்களைப் பார்த்துவிட்டோம். ஹரிக்கேன் என்பது அதைவிடப் பெரிய விஷயமா?

வானிலையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. வெப்பக் கடலின் மேல் உருவாகிச் சுழலும் அதே புயலை அட்லாண்டிக்கில் ஹரிக்கேன் என்றும், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன் என்றும், இந்தியப் பெருங்கடலில் சைக்ளோன் என்றும் அழைக்கிறார்கள். நீடித்த காற்றின் வேகம் மணிக்கு 119 கிலோமீட்டரைத் தொட்டால் அட்லாண்டிக் புயல் ஹரிக்கேன் ஆகிறது. அதன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை.

வேறுபாடு புயலில் இல்லை, வீட்டில் இருக்கிறது. செங்கல்லும் சிமென்ட்டும் கொண்டு கட்டிய வீட்டில் தண்ணீர் புகுந்தால் சேற்றை வாரி, தரையைக் கழுவி, வெயிலில் காயவிட்டு மறுபடியும் குடியேறிவிடலாம். இங்குள்ள பெரும்பாலான வீடுகள் மரச்சட்டங்களால் ஆனவை. சட்டங்களின் உட்பக்கத்தில் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகையும், இடைவெளியில் பஞ்சு போன்ற வெப்பத்தடுப்புப் பொருளும் இருக்கும். இவை மூன்றும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் சுத்தமாகத் தெரியும்; உள்ளே பூசணம் வளர்ந்துகொண்டிருக்கும். ஊர் அனுபவத்தை நம்பிச் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

2. 'கேட்டகரி 1' தானே, இதற்கெல்லாம் பயப்பட வேண்டுமா?

கேட்டகரி எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. முதல் நிலை என்றால் மணிக்கு 119 முதல் 153 கிலோமீட்டர், ஐந்தாம் நிலை என்றால் 252 கிலோமீட்டரும் அதற்கு மேலும். எவ்வளவு மழை பெய்யும், கடல் எவ்வளவு உயரம் எழும்பி ஊருக்குள் வரும் என்பவற்றை அந்த எண் கணக்கில் கொள்வதே இல்லை. ஆனால் அமெரிக்காவில் ஹரிக்கேன்களால் நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பகுதி நீரால் நேர்ந்தது, காற்றால் அன்று.

2005இல் கத்ரீனா லூயிசியானாவில் கரையேறியபோது மூன்றாம் நிலையில்தான் இருந்தது. மிசிசிப்பிக் கரையின் சில பகுதிகளில் கடல் 8 மீட்டருக்கும் மேல் எழும்பியது. 2012இல் நியூயார்க்கின் சுரங்க ரயில் பாதைகளை நிரப்பிய சாண்டி, கரையேறும் வேளையில் ஹரிக்கேன் என்ற தகுதியையே இழந்திருந்தது. 2017இல் ஹார்வி வலுவிழந்து வெறும் வெப்பமண்டலப் புயலாகத் தேங்கி நின்ற நாட்களில்தான் ஹூஸ்டன் மூழ்கியது. தென்கிழக்கு டெக்சாஸில் சில இடங்களில் 1,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. ஆகவே எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதை விட்டுவிட்டு, உங்கள் பகுதிக்கான மழை முன்கணிப்பையும் கடல்நீர் உயர முன்கணிப்பையும் தனித்தனியாகப் படியுங்கள்.

3. வரைபடத்தில் காட்டும் கூம்புக்கு வெளியே எங்கள் வீடு இருக்கிறது. தப்பித்தோம் என்று எண்ணலாமா?

எண்ணக்கூடாது. மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையம் வெளியிடும் அந்தக் கூம்பு, புயலின் நடுப்புள்ளி எந்த வழியாகச் செல்லக்கூடும் என்பதை மட்டும் குறிக்கிறது. புயலின் அகலத்தை அன்று. அதுவும், நடுப்புள்ளி கூம்புக்குள் அடங்குவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறைதான். காற்றும் மழையும் நடுப்புள்ளியிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவக்கூடியவை.

கவனிக்க வேண்டியவை இரண்டு அறிவிப்புகள். 'வாட்ச்' என்பது ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு முன்னும், 'வார்னிங்' என்பது 36 மணி நேரத்துக்கு முன்னும் வரும். இந்த மணிக்கணக்கு புயல் கரையேறும் நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. மணிக்கு 63 கிலோமீட்டர் காற்று தொடங்கும் நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அந்தக் காற்று வந்தபின் ஏணியில் ஏறி எதையும் செய்ய இயலாது.

4. வீடு வாங்கும்போது 'வெள்ள மண்டலம் எக்ஸ், கவலையே வேண்டாம்' என்றார்கள். இப்போது 'வெளியேற்ற மண்டலம் ஏ, கிளம்புங்கள்' என்கிறார்கள். இதில் எது உண்மை?

இரண்டும் உண்மை, ஏனெனில் இவை வெவ்வேறு வரைபடங்கள். வெள்ள மண்டலம் என்பது ஃபீமா எனப்படும் கூட்டரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு, காப்பீட்டுக்காகவும் கட்டட விதிகளுக்காகவும் வரைந்தது. வெளியேற்ற மண்டலம் என்பது உள்ளூர் நிர்வாகம் கடல்நீர் உட்புகும் ஆபத்தை வைத்து, எந்தப் பகுதி மக்களை முதலில் வெளியேற்றுவது என்று வகுத்தது. புயல் வரும்போது இரண்டாவதை மட்டும் பாருங்கள்.

எக்ஸ் என்ற எழுத்தும் 'வெள்ளம் வராது' என்று பொருள்படுவதன்று. ஆபத்தான மண்டலம் எனப்படுவது ஆண்டுக்கு 1 விழுக்காடு வெள்ள வாய்ப்புள்ள இடம். 30 ஆண்டுக் கடன் காலம் முழுவதையும் சேர்த்தால் அந்த வாய்ப்பு 26 விழுக்காடு ஆகிறது. எக்ஸ் என்பதற்கு அதைவிடக் குறைவான வாய்ப்பு என்று மட்டுமே பொருள். ஹார்வியின்போது ஹூஸ்டன் பகுதியில் மூழ்கிய வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஆபத்தான மண்டலத்துக்கு வெளியே இருந்தவைதாம்.

5. கிளம்பிவிட வேண்டுமா, வீட்டிலேயே இருந்துவிடலாமா?

தண்ணீருக்கு ஓட வேண்டும், காற்றுக்கு ஒளிய வேண்டும் என்பது இங்குள்ள அவசரகால அலுவலர்களின் பழைய விதி. உங்கள் மண்டலத்துக்கு வெளியேற்ற உத்தரவு வந்தால், அல்லது நீங்கள் மொபைல் ஹோமில், அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீட்டில், வசித்தால், கிளம்புங்கள். உத்தரவு இல்லாத உறுதியான வீடு என்றால் இருப்பதே நல்லது; தேவையற்றவர்களும் சாலையில் இறங்கினால் தேவையுள்ளவர்கள் நகர முடியாது. 2005இல் ரீட்டா புயலுக்காக ஹூஸ்டனே ஒரே நேரத்தில் கிளம்பி, கொளுத்தும் வெயிலில் நெடுஞ்சாலைகளில் மணிக்கணக்கில் நின்றது. அந்தப் பயணத்தில் உயிரிழந்தவர்களும் உண்டு. கிளம்புவோர் பல நூறு கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. கடல்நீர் எட்டாத மேட்டுப் பகுதியில் உறவினரோ நண்பரோ இருந்தால் அதுவே போதும்.

இருக்க முடிவு செய்தால், சன்னல் இல்லாத உள்ளறையில் இருங்கள். புயலின் கண் கடக்கும்போது காற்று திடீரென அடங்கும்; முடிந்துவிட்டது என்று வெளியே வராதீர்கள், சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபாதி வீசும். தண்ணீர் ஏறினால் மூடிய பரணுக்குள் புகாதீர்கள். அங்கிருந்து வெளியேற வழி கிடையாது. தேவையானால் கூரையின் மேல் ஏறுங்கள்.

6. என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்? கடையில் கிடைக்கும் அவசரகாலப் பை போதுமா?

அந்தப் பையில் விளக்கும் விசிலும் இருக்கும், அவ்வளவுதான். ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் குடிநீர், குறைந்தது மூன்று நாட்களுக்கு. இயன்றால் இரண்டு வாரத்துக்கு. அன்றாட மருந்துகள், குழந்தை உணவு, சமைக்காமலே உண்ணக்கூடியவை, மின்சாரம் போனால் அட்டை வேலை செய்யாது என்பதால் சிறிது ரொக்கம், பாதி டேங்குக்குக் குறையாத எரிபொருள். குளியல் தொட்டியில் நீரை நிரப்பி வையுங்கள்; அது குடிப்பதற்கன்று, கழிவறைக்கு வாளியால் ஊற்றுவதற்கு.

நம்மவர்களுக்கு இதைவிட முக்கியமானது காகிதம். கடவுச்சீட்டு, ஐ-797 எனப்படும் குடிவரவு மனு ஒப்புதல் அறிவிப்பு, கிரீன் கார்டு, பிறப்பு மற்றும் திருமணச் சான்றிதழ்கள், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, பட்டச் சான்றிதழ், ஊர்ச் சொத்துப் பத்திரம் ஆகியவற்றை நீர்புகாத உறையில் இட்டு, கையோடு எடுத்துச் செல்லும் பையில் வையுங்கள். ஐ-797 மூலப் பிரதியை மறுபடியும் பெறுவதற்கு மாதக்கணக்கில் அலைய நேரலாம். காப்பீட்டு பாலிசியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து இணையச் சேமிப்பில் ஏற்றுங்கள்.

பிறகு கைபேசியில் வீடு முழுவதையும் காணொளியாக எடுங்கள். அறைக்கு அறை நடந்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் அலமாரியையும் இழுப்பறையையும் திறந்து காட்டுங்கள், குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஏசி ஆகியவற்றின் பின்புறமோ கதவின் உள்விளிம்பிலோ ஒட்டியிருக்கும் மாதிரி எண், வரிசை எண் தகட்டில் கேமராவை ஒரு கணம் நிறுத்துங்கள். 17ஆம் கேள்வியில் சொல்லப்போகும் இழப்பீட்டுக் கணக்கு, பெருமளவு இந்தக் காணொளியை நம்பித்தான் நடக்கும்.

7. சன்னல்களில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினால் கண்ணாடி உடையாதல்லவா?

உடையும், டேப் எந்த வலுவையும் தராது. சிறு துண்டுகளாகச் சிதறவேண்டிய கண்ணாடி, டேப்போடு சேர்ந்து பெரிய கத்தி போன்ற துண்டுகளாகப் பறப்பதுதான் மிச்சம். ஷட்டர் இல்லாவிட்டால் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகையை, சன்னலின் அளவுக்கு முன்கூட்டியே அறுத்து, துளையிட்டு, எந்தச் சன்னலுக்கு எது என்று எழுதி வையுங்கள். அழுத்தம் சமமாவதற்காகச் சன்னலைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும் என்பதும் பொய்; உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். வீட்டின் மிகப் பெரிய துளை கராஜ் கதவு. சன்னலைப் பற்றிக் கவலைப்படும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

8. மணல் மூட்டைகள் அடுக்கினால் தண்ணீர் உள்ளே வராதா?

வரும், மெதுவாக. கதவருகே நெகிழித் தாளை விரித்து அதன்மேல் செங்கல் வரிசைபோல மாற்றி மாற்றி அடுக்கினால் சில அங்குல நீரைச் சில மணி நேரம் தடுக்கலாம். கழிவுநீர்க் குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறும் நீரை மூட்டை தடுக்காது. வெள்ளத்தில் நனைந்த மணலைப் பிறகு குழந்தைகள் விளையாடும் இடத்தில் கொட்டாதீர்கள்.

9. மழையில் நனையாமல் இருக்க ஜெனரேட்டரைக் கராஜில் வைத்து, கதவைத் திறந்து வைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. ஜெனரேட்டர் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் எழுந்து நடக்கும் வலு போய்விடும். 2020இல் லூயிசியானாவைத் தாக்கிய லாரா புயலில், புயலுக்குத் தப்பிய பலர் பிறகு ஜெனரேட்டர் புகையால் உயிரிழந்தார்கள். வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தொலைவில், புகைபோக்கி சன்னல்களுக்கு எதிர்ப்புறம் நோக்கியிருக்க வைத்து, அதற்கென்றே விற்கும் மழைக்கூண்டு பொருத்துங்கள். படுக்கையறைக்கு அருகில் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் இருக்க வேண்டும்.

ஜெனரேட்டரின் கம்பியைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுப்பதும் ஆபத்து. அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் பின்னோக்கிப் போய், பழுதுபார்க்கும் தொழிலாளரைக் கொல்லக்கூடும்.

10. மின்சாரம் போய் இரண்டு நாளாயிற்று. ஃப்ரிட்ஜில் இருப்பதைச் சாப்பிடலாமா?

கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சி காக்கும். உறைபெட்டி நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம் தாங்கும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு குவளை நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடியும் உறைந்திருக்கிறது என்று அறியலாம். அப்போது அத்தனையையும் எறிந்துவிடுங்கள்.

வெள்ளநீர் பட்ட உணவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. திருகு மூடி போட்ட ஜாடிகள் உட்பட எல்லாம் குப்பைக்கே. பழுதில்லாத தகர டப்பாக்களை மட்டும் சீட்டைக் கிழித்து, கழுவி, கிருமிநீக்கிப் பயன்படுத்தலாம்.

11. தண்ணீர் வடிந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்க்கலாமா?

முதலில் வெளியே சுற்றி வாருங்கள். அடித்தளத்தில் விரிசலோ கூரையில் தொய்வோ இருந்தால் உள்ளே செல்ல வேண்டாம். எரிவாயு மணம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் விலகி, தொலைவிலிருந்து அழையுங்கள். மின் பிரேக்கர் பெட்டியை அடைய நீரில் நிற்கவேண்டியிருந்தால் அதை நீங்கள் அணைக்கக்கூடாது. மின்நிறுவனம் மீட்டரிலேயே துண்டிக்கட்டும். நீரில் மூழ்கிய பிரேக்கர்களைக் காயவைத்துப் பயன்படுத்த இயலாது, மாற்றத்தான் வேண்டும்.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணியுங்கள். பாம்புகள் ஒருபுறம் இருக்க, தெற்கு மாநிலங்களில் தீயெறும்புகள் நீரில் செம்பழுப்பு நிறத் தட்டுபோல ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மிதந்துவரும். குப்பை என்று எண்ணிக் கையால் தள்ளினால் கை முழுவதும் ஏறிவிடும். உடலில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் வெள்ளநீரில் இறங்கவே வேண்டாம். உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் வாழும் விப்ரியோ என்னும் பாக்டீரியா காயம் வழியே புகுந்து ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். 2022இல் ஐயன் புயலுக்குப் பின் ஃபுளோரிடாவில் அத்தகைய தொற்றுகள் அதிகரித்தன.

12. அட்ஜஸ்டர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று சொல்கிறார்களே?

இதைப்போலத் தீங்கு விளைவித்த அறிவுரை வேறில்லை. காப்பீட்டு மதிப்பீட்டாளரான அட்ஜஸ்டர், பெரும்புயலுக்குப் பிறகு வருவதற்கு வாரங்கள் ஆகலாம். பூசணமோ 24 முதல் 48 மணி நேரத்தில் தொடங்கிவிடும். மேலும், சேதம் பெருகாமல் தடுக்கும் கடமை உங்களுடையது என்று பாலிசியே சொல்கிறது. காத்திருந்ததால் வளர்ந்த பூசணத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம்.

செய்யவேண்டிய வரிசை இதுதான்: காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள்; ஒவ்வோர் அறையிலும் நீர்க்கோடு தெரியும்படி, அளவுநாடாவைச் சுவரில் பிடித்துப் படமெடுங்கள்; பிறகு நனைந்ததை வெளியேற்றத் தொடங்குங்கள். தரைவிரிப்பு, மெத்தை, திரைச்சீலை ஆகியவற்றில் கையகலத் துண்டை வெட்டி உறையிலிட்டு, எந்த அறை என்று எழுதி வையுங்கள். தெருவோரம் குவிக்கும்போது மின்சாதனம், கட்டடக் கழிவு, மரக்கிளை, பெயின்ட் போன்ற வேதிப்பொருள், வீட்டுக் குப்பை ஆகியவற்றைத் தனித்தனிக் குவியல்களாக வைக்கவேண்டும். கலந்துவிட்டால் வண்டி எடுக்காமல் போய்விடும்.

13. சுவர் நன்றாகக் காய்ந்துவிட்டது. அதை அறுத்துத்தான் ஆகவேண்டுமா?

வெள்ளநீர் பட்டிருந்தால் அறுத்துத்தான் ஆகவேண்டும். இந்தப் பக்கத்தில் எனக்கு மிகுந்த அழுத்தத்துடன் சொல்லவேண்டியது இதுவே. ஜிப்சம் பலகை, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நீரை மேலே இழுக்கும். தரையில் அரையடி நீர் நின்றிருந்தால் சுவருக்குள் ஈரம் இரண்டடிக்கு ஏறியிருக்கலாம். வெளிப்பக்க பெயின்ட் காய்ந்த பின்னும், பலகையின் பின்புறக் காகிதமும் அதன் பின்னுள்ள பஞ்சும் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். சுவரடிப் பட்டையை நெம்பி எடுத்தால் அதன் பின்னே பலகையின் கீழ்விளிம்பு தெரியும். அங்கே காகிதம் நொய்ந்து விரலோடு உரிந்து வந்தால், உள்ளிருந்து மக்கிய மணம் வீசினால், வேறு சான்று தேவையில்லை. நீர்க்கோட்டுக்குக் குறைந்தது ஓரடி மேலே வரை அறுக்க வேண்டும். பலகைகள் பெரும்பாலும் 4 அடி அகலத்தில் படுக்கைவாக்கில் பொருத்தப்படுவதால், நீர் இரண்டடி வரை வந்திருந்தால் 4 அடியில் நேர்கோடாக அறுப்பது பின்னர் புதுப்பலகை பொருத்த வசதி. நனைந்த பஞ்சு முழுவதும் குப்பைக்குப் போகவேண்டும். அழுத்திய மரத்தூளால் செய்த சமையலறை அலமாரிகள் உப்பிவிடும், அவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண். திடமான மரத்தால் ஆனவை பிழைக்கலாம். 1978க்கு முன் கட்டிய வீடு என்றால், பழைய பெயின்ட்டில் காரீயமும் சில பொருட்களில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும் என்பதால் அறுக்கும் முன் சோதனை செய்யுங்கள்.

பிறகு பொறுமை வேண்டும். மரச்சட்டங்களின் ஈரப்பதத்தை மானியால் அளந்து, ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பின்னரே புதுச் சுவர் போடவேண்டும். விருந்தாளி வருகிறார், பள்ளி திறக்கிறது என்று அவசரப்பட்டு ஈரத்தின்மேல் பலகையை அடித்தவர்கள், ஓரிரு மாதத்தில் அதே சுவரை மறுபடியும் அறுக்கும்படி ஆகும்.

14. பிளீச் ஊற்றித் துடைத்தால் பூசணம் போய்விடாதா?

ஓடு, கண்ணாடி, உலோகம் போன்ற வழுவழுப்பான பரப்புகளில் போகும். நீரை உறிஞ்சும் பொருட்களில் போகாது. பிளீச்சின் குளோரின் மேலோடு நின்றுவிட, நீர் மட்டும் உள்ளே இறங்கிப் பூசணத்துக்கே உணவாகிறது. செத்த பூசணமும் மூச்சுத்திணறலைத் தூண்டும் என்பதால், கொல்வதைவிட அகற்றுவதே முக்கியம். முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள். அதன்பின் 4 லிட்டர் நீருக்கு ஒரு கோப்பைக்கு மிகாத பிளீச் கலந்து பயன்படுத்துங்கள். அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவத்தோடும், அமிலக் கழிவறைத் திரவத்தோடும் பிளீச்சைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு உண்டாகும். என்-95 முகக்கவசம் அணியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி பூசணம் வந்துவிட்ட அறையில் மின்விசிறியை ஓடவிட்டால் அதன் வித்துகள் வீடெங்கும் பரவும்; அங்கே ஈரநீக்கி இயந்திரமே பொருத்தம்.

15. நிலவறை முழுக்கத் தண்ணீர். பெரிய பம்ப் வைத்து ஒரே நாளில் இறைத்துவிடலாமா?

வேண்டாம். வெளியே மண் நீரில் ஊறியிருக்கும்போது உள்ளிருக்கும் நீர்தான் சுவரைத் தாங்கி நிற்கிறது. நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறையுங்கள். மறுநாள் மட்டம் மீண்டும் ஏறியிருந்தால், மண் வடியும்வரை நிறுத்துங்கள்.

16. குழாய் நீரைக் கொதிக்க வைத்தால் குடிக்கலாமா?

நுண்ணுயிர் பற்றிய எச்சரிக்கை மட்டும் என்றால், ஒரு நிமிடம் நன்கு தளதளவெனக் கொதித்தால் போதும். எரிபொருளோ வேதிப்பொருளோ கலந்த நீரைக் கொதிக்கவைத்துப் பயனில்லை. சொந்தக் கிணறு உள்ளவர்கள் குளோரின் இட்டுச் சுத்திகரித்து, ஆய்வகச் சோதனை முடிவு வரும்வரை அதைக் குடிக்கக்கூடாது.

17. வீட்டுக் காப்பீடு இருக்கிறதே, வெள்ளத்துக்கும் அதுவே போதாதா?

போதாது. வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை விலக்கியே எழுதப்படுகிறது. வெள்ளத்துக்கெனத் தனி பாலிசி வேண்டும். 1968இல் தொடங்கப்பட்ட தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகவோ தனியாரிடமோ அதை வாங்கலாம். தேசியத் திட்டத்தில் ஒரு குடும்ப வீட்டுக் கட்டடத்துக்கு 2,50,000 டாலரும் பொருட்களுக்கு 1,00,000 டாலரும் உச்சவரம்பு. இவை இரண்டும் தனித்தனியே வாங்கவேண்டியவை. கட்டடத்துக்கு மட்டும் வாங்கிவிட்டு, சோபாவுக்கும் கட்டிலுக்கும் பணம் வரும் என்று எண்ணியிருப்போர் பலர். பொருட்களுக்குத் தேய்மானம் கழித்த மதிப்பே கிடைக்கும். நிலவறைக்குள் இருப்பவற்றில் மிகச் சிலவற்றுக்கே காப்பு உண்டு.

பொதுவாக வாங்கிய நாளிலிருந்து 30 நாட்கள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். ஆகவே கூம்பைப் பார்த்தபின் வாங்கிப் பயனில்லை. வாடகைக்கு இருப்போரும் தங்கள் பொருட்களுக்கு மட்டும் வாங்கலாம். வீட்டு உரிமையாளரின் காப்பீடு உங்கள் பொருட்களைத் தொடாது. சேதம் நேர்ந்தால் 60 நாட்களுக்குள் கையொப்பமிட்ட இழப்புச் சான்றை அளிக்கவேண்டும். பெரும்பேரிடர்களில் இந்தக் கெடு சில வேளைகளில் நீட்டிக்கப்படுவதுண்டு, ஆனால் அதை நம்பி இருக்கவேண்டாம்.

18. கூரை பிய்ந்து மழைநீர் உள்ளே கொட்டியது, தெருநீரும் கதவு வழியாக வந்தது. எந்தக் காப்பீட்டைக் கேட்பது?

இரண்டையும். காற்று கூரையைத் திறந்ததால் மேலிருந்து வந்த மழைநீர் பொதுவாக வீட்டுக் காப்பீட்டின்கீழோ தனிக் காற்றுக் காப்பீட்டின்கீழோ வரும். தரைவழியே வந்த நீர் வெள்ளக் காப்பீட்டின்கீழ் வரும். கத்ரீனாவுக்குப் பிறகு, சேதம் காற்றாலா நீராலா என்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் நடந்தன. உங்களைக் காப்பது படங்கள்தான்: கூரையின் துளை, அதற்கு நேர் கீழே நனைந்த மேற்கூரைப் பலகை, சுவரின் மேற்பகுதியில் வழிந்த தடம் ஆகியவற்றைத் தனியாகவும், தரையிலிருந்து ஏறிய நீர்க்கோட்டைத் தனியாகவும் எடுத்து வையுங்கள்.

காற்றுச் சேதத்தில் இன்னொரு வியப்பு காத்திருக்கும். ஹரிக்கேனுக்கான டிடக்டிபிள், அதாவது நீங்கள் முதலில் ஏற்கவேண்டிய பங்கு, பெரும்பாலும் விழுக்காட்டில் இருக்கும். அந்த விழுக்காடு சேதத்தின்மீதன்று, வீட்டின் காப்பீட்டுத் தொகையின்மீது கணக்கிடப்படும். 4,00,000 டாலர் காப்பீட்டில் 2 விழுக்காடு என்றால் முதல் 8,000 டாலர் உங்களுடையது.

19. நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். ஃபீமா உதவி கிடைக்குமா?

தங்குமிடம், உணவு, நீர், மீட்புப் பணி போன்ற அவசர உதவிகளுக்கு விசா நிலை தடையன்று. பணமாக வழங்கும் உதவி, குடிமக்களுக்கும் கிரீன் கார்டு பெற்றோர் உள்ளிட்ட சில வகையினருக்கும் உரியது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவினர் தம் பெயரில் பெற இயலாது. ஆனால் அதே வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, 18 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், குழந்தையின் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். பலர் இதை அறியாமலே விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பக் கெடு வழக்கமாகப் பேரிடர் அறிவிப்பிலிருந்து 60 நாட்கள். காப்பீடு ஏற்ற செலவை ஃபீமா மறுபடியும் ஏற்காது. ஆகவே காப்பீட்டு நிறுவனத்தின் தீர்வுக் கடிதத்தையோ மறுப்புக் கடிதத்தையோ அவர்கள் கேட்பார்கள்.

20. நகராட்சியிலிருந்து 'கணிசமான சேதம்' என்று கடிதம் வந்திருக்கிறது. கான்ட்ராக்டரோ, அதைப் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடங்கலாம் என்கிறார்.

அவர் பேச்சைக் கேட்காதீர்கள். 4ஆம் கேள்வியில் சொன்ன ஆபத்தான மண்டலத்தில் உள்ள வீட்டில், பழுதுபார்க்கும் செலவு சேதத்துக்கு முந்தைய கட்டடச் சந்தை மதிப்பில் 50 விழுக்காட்டை எட்டினால், வீட்டையே இன்றைய வெள்ள விதிகளுக்கு ஏற்ப மாற்றவேண்டும்; நடைமுறையில் பெரும்பாலும் வீட்டை உயர்த்துவது என்று பொருள். நிலத்தின் மதிப்பு இதில் சேராது என்பதால், விலையுயர்ந்த இடத்திலுள்ள பழைய வீடு இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். அனுமதி இல்லாமல் கட்டினால் பிறகு இடிக்கச் சொல்லலாம். மதிப்பீடு தவறு என்று தோன்றினால் தனி மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு முறையிட வழியுண்டு. தேசியத் திட்ட பாலிசி இருந்தால், விதிகளுக்கு இணங்கச் செய்யும் செலவுக்கு 30,000 டாலர் வரை கூடுதலாகக் கேட்கலாம்.

21. கராஜில் நின்ற மின்சார வண்டிக்குள் உப்புநீர் புகுந்துவிட்டது. காய்ந்தால் ஓடுமா?

அதை முயலவே வேண்டாம். உப்புநீர் பட்ட லித்தியம் பேட்டரி நாட்கள் கழித்தும் தானாகத் தீப்பற்றக்கூடும். ஐயன் புயலுக்குப் பின் ஃபுளோரிடாவில் அவ்வாறு வண்டிகள் எரிந்தன. கட்டடங்களிலிருந்து குறைந்தது 15 மீட்டர் விலக்கி வைக்க இழுவை வண்டியை அழையுங்கள். புயலுக்கு முன்பே மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் உண்மையான தீர்வு. பெட்ரோல் வண்டியானாலும் நீர் புகுந்திருந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். வாகனச் சேதத்துக்கு வீட்டுக் காப்பீடோ வெள்ளக் காப்பீடோ உதவாது. வாகன பாலிசியில் 'காம்ப்ரிஹென்சிவ்' பகுதி இருக்கவேண்டும்.

22. எல்லாம் சரிசெய்துவிட்டோம். விற்கும்போது வெள்ளம் வந்ததைச் சொல்லியாக வேண்டுமா?

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். டெக்சாஸில் 2019 முதலும் ஃபுளோரிடாவில் 2024 அக்டோபர் முதலும் வீட்டை விற்பவர் வெள்ளம் பற்றிய விவரங்களை எழுத்தில் தெரிவிக்கவேண்டும். மேலும், ஆபத்தான மண்டலத்தில் உள்ள வீட்டுக்கு ஃபீமாவின் பண உதவி பெற்றிருந்தால், வெள்ளக் காப்பீட்டைத் தொடர்ந்து வைத்திருக்கும் கடமை அந்த வீட்டோடு சேர்ந்தே வாங்குபவருக்கும் போகிறது; அதைச் சொல்லாமல் விற்றால் பொறுப்பு உங்கள்மேல் திரும்பும். சட்டம் கேட்காத இடத்திலும், அறுத்த சுவரின் படங்கள், 13ஆம் பதிலில் சொன்ன ஈரமானி அளவுகள் தேதியோடு, அனுமதிச் சீட்டு, ரசீதுகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்திருந்து வாங்குபவரிடம் காட்டுவதே என் பரிந்துரை. மூடிய சுவரைத் திறந்து காட்ட முடியாது. திறந்திருந்தபோது எடுத்த படத்தைக் காட்டலாம்.